மோர் வரைக்கும்

"படம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா ஒருத்தன்கூடச் சாப்பிட்டு முடிக்கலையே."

ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு படத்தைப் பற்றி அக்கா சொன்ன முழு விமரிசனம் இதுதான். சொல்லிவிட்டு அப்பளம் எடுக்க உள்ளே போய்விட்டார். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாங்கள், அந்தப் படத்தில் யார் எங்கே சாப்பிட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தோம். கதாநாயகன் வேலை கிடைத்த சந்தோஷத்தில் இலையில் உட்காருகிறான். வாசலில் போலீஸ் வந்து நிற்கிறது. தங்கை அண்ணனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறாள். முதல் வாய் உள்ளே போவதற்குள் அவனுக்கு இருமல் வந்து ரத்தம் கக்குகிறான். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை ஓடிப்போன செய்தி வருகிறது, பந்தியே எழுந்துவிடுகிறது. அக்கா சொன்னது சரிதான். அந்தப் படத்தில் யாரும் ரசத்தைக்கூட எட்டவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் தொட்டியத்திலிருந்து வந்து திருச்சியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். பாலக்கரையில் ஒரு சந்தில் அறை. அதே சந்தின் கோடியில் அக்காவின் மெஸ். மெஸ் என்று பலகை எதுவும் கிடையாது. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இலை போடுவார், அவ்வளவுதான். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். சாப்பிட வருகிறவர்களுக்கு அக்கா, பால்காரருக்கு மெஸ்காரம்மா, வீட்டுக்காரருக்கு "இந்தா". யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் அடுத்த தெருவிலிருந்த சினிமாக் கொட்டகையில் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பவர். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை. எல்லாப் படத்தின் வசனமும் அவருக்கு மனப்பாடம். ஆனால் எந்தப் படத்தையும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. வாசல் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று காதால் கேட்டதுதான். ஒரு படம் எப்படி என்று அவரிடம் கேட்டால், "இடைவேளையில சோடா நல்லா போச்சு" என்பார். அது பாராட்டு. "சோடா போகலை" என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை போஸ்டர் மாறிவிடும்.

அந்த மனிதரின் தயவில் அக்காவுக்கு எந்தப் படத்துக்கும் டிக்கெட் வேண்டியதில்லை. சனிக்கிழமை மாட்டினிக்குப் போய்ப் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் ஆபீஸ் அரைநாளில் விட்டதும் அங்கே இங்கே என்று ஒரு படம் பார்த்துவிடுவோம். ஆக ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடுதான் எங்களுக்கு விமரிசன சபை. அன்றைக்குத்தான் பாயசமும் உண்டு.

சபையில் முக்கியஸ்தர்கள் இருவர். ஒருவன் சுலைமான். தோல் மண்டியில் கணக்குப் பிள்ளை. வீடு நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. ஆனால் அவன் அத்தாவுக்குச் சினிமா என்ற சொல்லே ஆகாது, அதனால் ஞாயிறு சாப்பாடு எங்களோடு. இன்னொருவன் ரங்கராஜன். என்னோடு ஆபீசில் வேலை பார்த்தவன். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பம். வெளியில் கை நனைக்கக்கூடாது என்று வீட்டில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தனுப்புவார்கள். முதல் மாதம் அவன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் பந்தியின் ஓரத்தில் ஆசாரமாக உட்கார்ந்தான். அப்புறம் அக்கா அவனுக்கும் ஒரு இலை போட்டார், சும்மா இருக்கட்டும் என்று. அப்புறம் அதில் ஒரு அப்பளம் வைத்தார். மழைக்காலம் வருவதற்குள் தயிர்சாதம் சந்து முனை மாட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டது. "ஆத்துல தெரிஞ்சா என்னை மண்டபத்துலதான் படுக்க விடுவா" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவை குழம்பு கேட்பான்.

அப்போது ஊர் இரண்டு நடிகர்களுக்குள் பிரிந்து கிடந்தது. யார் யார் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுலைமான் ஒரு கட்சி, ரங்கராஜன் மறு கட்சி. நான் இரண்டு பேரிடமும் தலையாட்டுகிற கட்சி. அக்காவிடம் இந்தக் கட்சி எல்லாம் செல்லாது. அவர் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: படத்தில் யார் இலையில் உட்கார்ந்தார்கள், யார் முடித்தார்கள்.

ராஜா ராணிப் படம் என்றால், "அம்மாம் பெரிய விருந்து வச்சாங்க. அந்தத் திராட்சைக் கொத்தை ஒருத்தன் தொட்டானா? அப்புறம் எதுக்கு விருந்து?" சமூகப் படம் என்றால், "வெறுங்கையைப் பிசையுறான் தம்பி, இலையில ஒண்ணுமே இல்லை. மாளிகை கட்டுறதுக்குக் காசு இருக்கு, ஒரு பிடி சோறு வைக்கக் கூடாதா?" எல்லாப் படத்திலும் அவருக்குப் பிடித்தவன் காமெடியன்தான். அவன்தான் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறவன்.

ஒரே ஒரு படத்தை மட்டும் அக்கா தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். எங்களை எல்லாம் விரட்டி விரட்டிப் பார்க்கச் சொன்னார். போனோம். கொட்டகையில் பாதிக்கு மேல் காலி. படத்தில் ஒரு கிழவனும் கிழவியும் ஒழுகுகிற வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். வசனம் இல்லை, பாட்டு இல்லை, யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. கிழவன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து மீசையைத் துடைத்துக்கொள்கிறான். கிழவி சட்டியை வழிக்கிறாள். அதற்கப்புறம் கதை எங்கேயோ போயிற்று. சுலைமான் குறட்டையே விட்டான்.

"என்னக்கா படம் அது? அதுல கதை எங்க இருக்கு?" என்று மறுநாள் ரங்கராஜன் சண்டைக்கு வந்தான்.

"சாப்பிட்டாங்கள்ல?" என்றார் அக்கா.

"இந்தப் படத்துக்கு ரெண்டாந்தரம் வந்தவ இவ ஒருத்திதான். சோடாக்காரன் அழுதுட்டான்" என்றார் வீட்டுக்காரர்.

இன்றைக்கு யோசித்தால், அந்த வருஷம் பார்த்த படங்களில் எனக்கு முழுசாக நினைவிருக்கிற காட்சி அந்தக் கஞ்சிதான். இதை ரங்கராஜனிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டான்.

அக்கா இதைச் சினிமாவோடு விடவில்லை. அவர் வீட்டில் இலைக்கு முன்னால் கெட்ட சேதி பேசக்கூடாது. ஆபீசில் எவனுக்கு மெமோ கொடுத்தார்கள், எந்த வீட்டில் திருட்டு, எதுவானாலும் மோர் ஊற்றி முடிந்து கை கழுவின பிறகுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரங்கராஜன், சுலைமானின் நடிகர் அழும்போது தனக்குச் சிரிப்பு வருகிறது என்று சொல்லிவைத்தான். சுலைமானுக்கு முகம் சிவந்துவிட்டது. "யா அல்லா, இனிமே இவன் இருக்கிற பந்தியில நான் உக்கார மாட்டேன்" என்று பாதி இலையில் எழுந்துவிட்டான். அக்கா ரசக் கரண்டியோடு வந்து குறுக்கே நின்றார்.

"உக்காருங்க தம்பி."

"இல்லக்கா, என்னை விடுங்க."

"படத்துல எந்திரிச்சுப் போறவனுக்குச் சம்பளம் தராங்க. உங்களுக்கு யாரு தரா? உக்காருங்க. இன்னும் மோர் ஊத்தலை."

சுலைமான் உட்கார்ந்தான். மோர் சாப்பிட்டு, கை கழுவி, வாசலுக்குப் போய், அங்கேயிருந்து கோபத்தைத் தொடர்ந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பந்தியில் ரங்கராஜனுக்குப் பக்கத்திலேயே இருந்தான்.

இதற்கெல்லாம் பின்னால் ஏதோ ஒரு பெரிய சோகக் கதை இருக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். சினிமா பார்த்துக் கெட்டுப்போன புத்தி. யாரோ பாதி இலையில் எழுந்துபோய்த் திரும்பவே இல்லை என்று நானும், சின்ன வயசில் பட்டினி என்று சுலைமானும் கதை கட்டினோம். ஒருநாள் துணிந்து கேட்டும்விட்டேன். அக்கா சிரித்தார்.

"பிளாஷ்பேக் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க தம்பி. விடியக்காலம் எந்திரிச்சு அடுப்புல நிக்கிறவளுக்குத்தான் தெரியும். போங்க."

இனி நடந்ததைச் சொல்லவேண்டும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பந்தியில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். முந்தின நாள் நான் பார்த்த படத்தைப் பற்றி இன்னும் பேச்சு எடுக்கவில்லை. குழம்பு முடிந்து ரசத்துக்குச் சோறு போட்டிருந்தார்கள். வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யார் என்று நாங்கள் கேட்கவில்லை. எடுப்புச் சாப்பாட்டுக்கு யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

"நேத்து என்ன படம் பாத்தீங்க தம்பி? சொல்லவே இல்லையே" என்றார் என்னிடம்.

நான் ஆரம்பித்தேன். இரட்டை வேஷப் படம், ஒருவனைத் தேடி வருகிறவர்கள் இன்னொருவனை அடிக்கிற கதை. நடித்துக் காட்டினேன். ரங்கராஜனுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. அக்கா வழக்கமாக நடுவில் புகுந்து, "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்பார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அப்புறம்? அப்புறம்?" என்று மட்டும் சொல்லிக்கொண்டு என் இலைக்கு எதிரேயே நின்றார். பாயசம் வந்தது. ரங்கராஜனுக்கு ஊற்றினார், சுலைமானுக்கு ஊற்றினார், என்னைத் தாண்டிப் போனார்.

"அக்கா, எனக்குப் பாயசம்?"

"தீந்துபோச்சு தம்பி."

பாயச அடுக்கு கூடத்து மூலையில் இருந்தது. பாதிக்கு மேல் பாயசம் இருந்ததை நான் பார்த்தேன். ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மீதிக் கதையைச் சொன்னேன். மோர் ஊற்றினார். இன்னொரு தரம் ஊற்றினார். நான் கை கழுவிவிட்டுத் துண்டை எடுக்கும்போது பக்கத்தில் வந்து, "வெளியில உங்க சித்தப்பா உக்காந்திருக்காரு. போய்ப் பாருங்க" என்றார்.

சித்தப்பா வாசற்படியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழக்கு வெளுத்த நேரத்தில் என் அப்பா இறந்துவிட்டிருந்தார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம்.

பஸ் காவிரிப் பாலத்தையும் கொள்ளிடப் பாலத்தையும் தாண்டி முசிறி ரோட்டில் திரும்பியது. அப்புறம்தான் கேட்டேன், வந்தவுடனே என்னை ஏன் கூப்பிடவில்லை என்று. "அந்தம்மாதான் சொல்லிச்சு. ரசத்துக்கு வந்துட்டாரு, மோர் வரைக்கும் பொறுங்கன்னு. எனக்கும் சரின்னு பட்டுச்சுப்பா" என்றார் சித்தப்பா. நான் உள்ளே நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்ததை எல்லாம் அவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சித்தப்பா வெள்ளந்தி. ஊருக்குப் போனதும், ஏன் இத்தனை நேரம் என்று கேட்டவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். அத்தைக்கு அது போதும். மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள், "எங்கண்ணன் வாசல்ல கிடக்கையில, பெத்த புள்ள பந்தியில உக்காந்து படக்கதை பேசுனானே" என்று ஒப்பாரியிலேயே அதையும் சேர்த்துப் பாடிவிட்டாள். தொட்டியம் முழுக்கக் கேட்டது. நான் தலைப்பிள்ளை. அந்த ஒரு வரி எங்கள் தெருவில் என்னோடு வெகுகாலம் நடந்துகொண்டிருந்தது. கடைக்குப் போனால்கூட, "என்னப்பா, என்ன படம்?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரி நிறுத்துவார்கள்.

கோபமெல்லாம் அக்கா மேல்தான் போயிற்று. என் அப்பா இறந்ததை எனக்குச் சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க இந்த அம்மாள் யார்? கதையைச் சொல்லு சொல்லு என்று தூண்டிவிட்டு நின்றாரே, அதை நினைத்தால் உடம்பு எரிந்தது. காரியம் எல்லாம் முடிந்து திருச்சிக்குக் கிளம்பின அன்று அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு வயிறாரச் சாப்பிட்டியாடா?"

இவளுமா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சாப்பிட்டேம்மா" என்றேன்.

"மோர் ஊத்திக்கிட்டியா?"

"ஊத்திக்கிட்டேன்."

"உங்கப்பாரு அன்னைக்குக் காலையில நீராகாரம்கூடக் குடிக்கலை. வந்து குடிக்கிறேன்னுட்டுப் போனாரு. நீயாவது சாப்பிட்டியே."

அம்மா சொன்னதால் என் கோபம் போய்விடவில்லை. அதை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியாமல் போயிற்று. அக்காவின் சந்துப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு, கொஞ்ச காலம் ஹோட்டலில் சாப்பிட்டேன். படங்களும் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து பேச ஆள் இல்லாவிட்டால் படம் பார்ப்பது எவ்வளவு சப்பென்று இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். அக்கா ஒன்றும் நடக்காதது மாதிரி இலை போட்டார். நான் இலையில் கை வைக்காமல் கேட்டேன்.

"ஏங்க்கா அன்னைக்குச் சொல்லலை?"

"சொன்னா எந்திரிச்சிருப்பீங்க."

"எந்திரிச்சுத்தானே ஆகணும்? எங்கப்பாவாச்சே அக்கா."

"எந்திரிச்சுப் போயிருந்தா, அதுக்கப்புறம் எப்ப தம்பி சாப்பிட்டிருப்பீங்க?"

மருங்காபுரியில் கட்டிக்கொடுத்த என் தங்கை வருவதற்காக அப்பாவைப் போட்டு வைத்திருந்து, மறுநாள்தான் எடுத்தார்கள். எனக்கு வாயில் சோறு பட்டது மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு. அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சோறு போட்டார். அவர் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. அன்றைக்கு எனக்குப் பாயசம் முதலில் வந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாலைந்து வருஷம் கழித்து நடந்தது இது. சுலைமானுக்குக் கல்யாணமாகிவிட்டது, ரங்கராஜனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். நான் மட்டும் பழைய பந்தியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் பக்கத்துக் கொட்டகையில் மாட்டினிக்கு வரிசையில் நின்றேன். அக்காவின் வீட்டுக்காரர் கதவைத் திறக்க வந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். எதிர்வாடை டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஜட்காவில் ஏற்றிக்கொண்டு வருகிறோம், நீங்கள் முன்னால் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று மானேஜர் என்னை அனுப்பினார்.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். கதவு திறந்திருந்தது. எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு அக்கா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இலையில் ரசம் சாதம். பக்கத்தில் ஒரு டம்ளரில் அவருக்கென்று எடுத்துவைத்த பாயசம்.

"என்ன தம்பி, படத்துக்குப் போகலையா?"

சேதி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இலையைப் பார்த்தேன். "ஒரே கூட்டம் அக்கா" என்றேன். "நேத்து ஸ்ரீரங்கத்துல ஒரு படம் பாத்தேனே, அதை உங்களுக்குச் சொல்லவே இல்லை."

சொல்ல ஆரம்பித்தேன். அண்ணன் தம்பி கதை. பாகப் பிரிவினையில் சண்டை போட்டுப் பிரிந்த தம்பி, வருஷக் கணக்காகக் கழித்து அண்ணன் வீட்டுக்கு வருகிறான். அண்ணி இலை போடுகிறாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருகிறார்கள். யாரும் வரவில்லை அக்கா, போலீஸ் வரவில்லை, தந்தி வரவில்லை. குழம்பு ஊற்றுகிறாள், ரசம் ஊற்றுகிறாள். தம்பி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொள்கிறான். அந்தப் படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. சந்தில் எந்த வண்டிச் சத்தம் வந்தாலும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் மோர் ஊத்துறாங்க அக்கா."

அவர் பாயசம் இருந்த டம்ளரை எடுத்து, இலைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தார். சோறு போட்டுக்கொண்டு மோர் ஊற்றினார். அவசரப்படாமல், ஒரு பருக்கை மிச்சம் இல்லாமல் சாப்பிட்டார். இலையை மடித்து எடுத்துப்போய்ப் போட்டார். கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்றார்.

"இப்பச் சொல்லுங்க தம்பி."

சொன்னேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். "எல்லாருக்கும் முன்னாடி அவருக்குத்தான் போட்டேன்" என்றார். "மோர் வேணும்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டுத்தான் போனாரு தம்பி."

அதற்கப்புறம்தான் அழுதார்.